பார்த்ததையே பார்க்கும் தொலைநோக்கி: காலிபரேஷன் நேரம் வீணா?

28 செப்டம்பர் 2025, சூலூர்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவரின் கேள்வி

அண்ணா, இந்தியாவின் விண்வெளித் தொலைநோக்கிக் கலம் அஸ்ட்ரோசாட் ஏவி இன்றோடு பத்து வருஷம். அதன் பழைய அப்சர்வேஷன் பட்டியலைப் புரட்டினேன். என்ஜிசி 188 என்கிற ஒரே நட்சத்திரக் கூட்டம் திரும்பத் திரும்ப வருகிறது. நண்டு நெபுலாவும் அப்படித்தான். வெற்று வானம் என்றுகூட ஒரு வரி இருக்கிறது. எல்லாம் காலிபரேஷனாம், அதாவது கருவி சரியாகக் காட்டுகிறதா என்ற சோதனையாம். வானத்தில் இத்தனை கோடிப் பொருள் இருக்க, பார்த்ததையே பார்த்துக்கொண்டிருப்பது வீண் இல்லையா? தரையில் ஒரு தடவை நன்றாகச் சரிபார்த்து அனுப்பினால் போதாதா?

28 செப்டம்பர், இரவு

போதாது தம்பி. நான் ஆரம்பாக்கத்துக்காரன். ஆந்திர எல்லை தாண்டி தடா பக்கம் ஒரு தொழிற்சாலையில், அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜும் வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிளும் காலிபரேஷன் செய்வதுதான் என் பிழைப்பு. அந்த மேசையிலிருந்து பேசுகிறேன்.

லைனிலிருந்து ஒரு கேஜைக் கழற்றிக் கொண்டுவந்தால் முதலில் திருகைத் தொடமாட்டோம். தெரிந்த எடையால் அழுத்தம் கொடுக்கும் டெட் வெயிட் டெஸ்டரில் மாட்டி, வந்தபடியே அது என்ன காட்டுகிறது என்று எழுதிக்கொள்வோம். படிவத்தில் அதற்கு 'அஸ் ஃபவுண்ட்' என்று தனிப் பத்தி உண்டு. சரிசெய்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு இந்தப் பத்தியில் பொறுமை இருக்காது. எப்படியும் சரிசெய்யத்தானே போகிறோம் என்பார்கள். அந்தக் கேஜ் போன தடவை நம் மேசையை விட்டுப் போன நாள்முதல் இன்றுவரை காட்டிய அத்தனை ரீடிங்கையும் நம்பலாமா கூடாதா என்று சொல்வது அந்தப் பத்தி ஒன்றுதான். காலிபரேஷன் நாளைய வேலைக்காக என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதில் பாதி நேற்றைய வேலைக்காக.

விண்வெளியில் இது இன்னும் கடுமை. மேலே போனபின் திருகு கிடையாது, கழற்றி மேசைமேல் வைக்கவும் முடியாது. 'வந்தபடி' ரீடிங் மட்டும்தான் மிச்சம். அதை மாதாமாதம் எடுத்துவைத்தால், 2017-ல் எடுத்த படத்தையும் 2024-ல் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்து "இந்த நட்சத்திரம் மங்கியிருக்கிறது" என்று ஒருவர் துணிந்து சொல்லலாம். எடுக்காவிட்டால் மங்கியது நட்சத்திரமா கருவியா என்று யாருக்கும் தெரியாது. நீ பட்டியலில் பார்த்த அந்த என்ஜிசி 188 வரிகள் எல்லாம் அஸ் ஃபவுண்ட் பத்திகள்.

29 செப்டம்பர்

ஏன் குறிப்பாக என்ஜிசி 188 என்று கேட்டிருக்கிறாய். இதில் கொஞ்சம் நின்று பேச ஆசை.

அந்தக் கூட்டம் செபியஸ் நட்சத்திர மண்டலத்தில், வான வடதுருவத்திலிருந்து சுமார் 5 பாகை தள்ளி இருக்கிறது. நம் ஊர் அட்சரேகை 13 பாகை சொச்சம், அதனால் துருவ நட்சத்திரமும் நமக்கு அடிவானத்துக்கு மேலே ஏறக்குறைய அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். வடக்கே பார்த்தால் தடா, சூலூர்பேட்டை விளக்கொளி. அதிலே துருவ நட்சத்திரமே தேய்ந்துபோய்த் தெரியும். என்ஜிசி 188-ஐ எவ்வளவு இருட்டான ஊரிலிருந்தும் வெறும் கண்ணால் பார்க்க முடியாது.

இப்போது அஸ்ட்ரோசாட் இருக்குமிடத்திலிருந்து யோசி. 650 கிலோமீட்டர் உயரம். பாதை நிலநடுக்கோட்டுக்கு 6 பாகை மட்டும் சாய்ந்தது. அந்த உயரத்தில் பூமி ஒரு பெரிய வட்டமாக, மையத்திலிருந்து 65 பாகை வரை வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். எந்தச் சாதாரண நட்சத்திரத்தை நோக்கினாலும் ஒவ்வொரு சுற்றிலும் பூமி குறுக்கே வந்து மறைக்கும். ஆனால் பாதை நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் வடதுருவத் திசை எப்போதும் பூமியின் மையத்துக்கு ஏறக்குறைய செங்குத்தாகவே இருக்கும். பாதையின் 6 பாகையையும் கூட்டத்தின் 5 பாகையையும் 90-லிருந்து கழித்துப் பார்: 79. பூமியின் விளிம்பு 65-லேயே நின்றுவிடுகிறது. என்ஜிசி 188-ஐப் பூமி மறைக்கவே மறைக்காது.

அடுத்து சூரியன். அஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கியான யூவிட், சூரியனிலிருந்து 45 பாகைக்குள் இருக்கும் எதையும் நோக்கக் கூடாது. சூரியன் வடக்கே வருவதே அதிகபட்சம் 23.4 பாகை. அந்த நாளில்கூட இந்தக் கூட்டத்துக்கும் சூரியனுக்கும் நடுவே 60 பாகைக்கு மேல் இடம் இருக்கிறது. ஆக, வருஷத்தில் எந்த மாதமும் தடையில்லை. நண்டு நெபுலாவுக்கு அந்த வசதி இல்லை. ஜூன் மாதத்தில் சூரியன் அதை உரசிக்கொண்டு போகும், அப்போது விட்டுவிட வேண்டியதுதான்.

ஒப்பிட்டுப் பார்க்கும் கேஜ் எந்த நாளிலும் கைக்கெட்ட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் விதி. வானத்தில் அப்படி ஓர் இடத்தை உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இதைக் காகிதத்தில் வரைந்து பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மனசு நிறைந்தது. நீயும் ஒரு தடவை வரைந்து பார்.

29 செப்டம்பர், பின்னிரவு

ஒன்று விட்டுப்போனது. யூவிட்டின் முதல் ஒளியும் இதே கூட்டம்தான். ஏவியது 2015 செப்டம்பர் 28, ஆனால் யூவிட்டின் மூடியைத் திறந்தது நவம்பர் 30. இரண்டு மாதம் மூடியே வைத்திருந்தார்கள். புற ஊதாக் கண்ணாடிக்குப் பெரிய எதிரி ஆவி. பிசின், பெயின்ட், ஒயர் உறை என்று விண்கலத்தில் இருக்கும் எல்லாமே வெற்றிடத்தில் மெல்ல ஆவி விடும். அது கண்ணாடியில் படிந்தால், கண்ணுக்குத் தெரியாத படலமே புற ஊதாவைக் குடித்துவிடும். சூரிய ஒளியும் அதன்மேல் பட்டால் படலம் இறுகிப்போகும். அதனால்தான் அத்தனை நாள் காத்திருப்பு, அதனால்தான் அந்த 45 பாகைக் கட்டுப்பாடு, அதனால்தான் மாதாமாதச் சோதனையும். படலம் வளர்ந்தால் அது முதலில் தெரியப்போவது என்ஜிசி 188-ன் நட்சத்திரங்களில்தான்.

1 அக்டோபர்

"நட்சத்திரமே மாறினால்?" என்று கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்.

அதற்குத்தான் கூட்டம். ஒன்று மாறலாம், இரண்டு மாறலாம். பல நூறு கோடி ஆண்டு வயதான கூட்டத்தில் எல்லாம் சேர்ந்து ஒரே அளவுக்கு, ஒரே மாதத்தில் மங்காது. அப்படி மங்கினால் குற்றம் நம் பக்கம். இன்னொரு வசதி, கூட்டத்தின் நட்சத்திரங்கள் படம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். யூவிட் ஒரே நேரத்தில் 28 கலை (அறுபது கலை ஒரு பாகை) விட்டமுள்ள வட்டத்தைப் பார்க்கிறது. அந்த வட்டத்தின் நடுவிலும் ஓரத்திலும் டிடெக்டர் ஒரே மாதிரி உணர்கிறதா என்பதையும் அதே படத்தில் பார்த்துவிடலாம்.

இவ்வளவும் ஒப்பீடு மட்டும்தான். போன மாதத்துக்கு இந்த மாதம் எப்படி என்று சொல்லும். நிஜமான அளவு எவ்வளவு என்பதற்கு எச்இசட் 4 என்ற வெண்குறளி (எரிந்து ஓய்ந்து சுருங்கிய நட்சத்திரம்), ரிஷப ராசியில் இருக்கிறது. அதன் ஒளி ஏற்கெனவே அளந்து உறுதி செய்யப்பட்டது. நிஜ அளவு சொல்லும் மாஸ்டர் வேறு, அன்றாடம் ஒப்பிட எடுக்கும் வொர்க்கிங் ஸ்டாண்டர்ட் வேறு என்று எங்கள் லேபில் பிரித்து வைத்திருப்பது போலவே.

2 அக்டோபர்

"தரையில் ஒரு தடவை நன்றாக" என்ற பாதிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி 1990 ஏப்ரலில் மேலே போனது. அதன் 2.4 மீட்டர் முதன்மைக் கண்ணாடி அதுவரை உலகில் செய்த மிக நுணுக்கமான கண்ணாடிகளில் ஒன்று. மேலே போய்ப் படம் எடுத்தால் எல்லாம் கலங்கல். கண்ணாடியின் ஓரம் 2.2 மைக்ரான் அதிகத் தட்டை. காரணம் கண்ணாடியைத் தேய்த்தவர்களின் கையில் இல்லை. தேய்க்கத் தேய்க்க வடிவத்தைச் சரிபார்த்த நல் கரெக்டர் என்ற சோதனைக் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் இடம் மாறி உட்கார்ந்திருந்தது. அந்தக் கருவி சொன்னபடி கண்ணாடியை அப்பழுக்கில்லாமல் தேய்த்தார்கள். தவறான வடிவத்துக்கு, மிகத் துல்லியமாக.

இதில் எனக்குத் தாங்காத விஷயம் வேறு. வேறு இரண்டு சோதனைகள் அப்போதே கோளாறைக் காட்டின. அவை அவ்வளவு துல்லியமானவை இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். மாஸ்டர் தப்பாது என்ற நம்பிக்கை. மாஸ்டரும் சாதாரண கேஜும் முரண்பட்டால் பழியைச் சாதாரண கேஜின் தலையில் போட்டுவிட்டுப் போவதை நான் வேலை செய்த இடங்களிலும் பார்த்திருக்கிறேன். இரண்டு சாதாரண கேஜ் ஒரே பக்கம் சாய்ந்தால் மாஸ்டரைச் சந்தேகிக்க வேண்டும். இதை எங்கள் பையன்களிடம் அடித்துச் சொல்வேன்.

1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தும் ஒளியியலைப் பொருத்தினார்கள். ஹப்பிளுக்கு அது முடிந்தது, மனிதர் எட்டும் உயரத்தில் இருந்ததால். அதற்குப் பின் வந்த ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அங்கே ஆள் போய்த் திருத்த வழியில்லை.

5 அக்டோபர்

முதல் நாள் 'திருகு கிடையாது' என்று எழுதியது யூவிட்டுக்குப் பொருந்தும். அஸ்ட்ரோசாட்டிலேயே இன்னொரு கருவிக்கு ஒரு திருகு இருந்தது. பிரஷர்காரன் என்பதால் அந்தக் கதைமேல் எனக்குத் தனிப் பிடிப்பு.

லாக்ஸ்பிசி: எக்ஸ் கதிர்களை எண்ணும் மூன்று பெரிய வாயுப் பெட்டிகள். 10, 20, 30 என்று பெயர். மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் செய்தவை. உள்ளே ஏறக்குறைய இரண்டு வளிமண்டல அழுத்தத்தில் செனான் வாயு. எக்ஸ் கதிர் உள்ளே வந்தால் செனான் அணுவில் மோதி எலக்ட்ரானைக் கிளப்பும். உயர் மின்னழுத்தக் கம்பி அதை இழுத்துப் பெருக்கித் துடிப்பாக மாற்றும். துடிப்பின் உயரமே கதிரின் ஆற்றல். எவ்வளவு பெருக்கும் என்பது வாயு எவ்வளவு அடர்த்தி என்பதைப் பொறுத்தது.

லாக்ஸ்பிசி 30-ல் வாயு கசிந்தது. வெளியே வெற்றிடம், சோப்பு நுரை போட்டுக் கசிவு தேட அங்கே யாரும் இல்லை. ஆனால் அடர்த்தி குறையும்போது பெருக்கம் கூடும். உள்ளேயே வைத்திருந்த அமெரிசியம் 241 கதிர்மூலம் எப்போதும் ஒரே ஆற்றலில் கதிர் விடும், வரைபடத்தில் அதன் கோடு ஏற்கெனவே தெரிந்த அந்த ஆற்றலில் விழ வேண்டும். அது நகர நகர, பெருக்கம் எவ்வளவு மாறியது என்று தெரியும். உயர் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கினால் கோடு பழைய இடத்துக்கு வரும். அந்த மின்னழுத்தம்தான் நான் சொன்ன திருகு.

இங்கேதான் கவனம் வேண்டும். கோட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாலும் வாயு குறைந்தது குறைந்ததுதான். மெலிந்த வாயுவில், முன்பு பிடிபட்டிருக்கும் வலுவான எக்ஸ் கதிர்கள் நழுவிப் போய்விடும். எண்ணிக்கையே குறையும். அதனால், எந்த ஆற்றல் கதிரைக் கருவி எவ்வளவு உணரும் என்று சொல்லும் எதிர்வினைக் கோப்புகளைக் காலத்துக்குத் தகுந்தபடி தனித்தனியாகத் தயாரித்தார்கள்: இந்தத் தேதித் தரவுக்கு இந்தக் கோப்பு என்று. திருகியதோடு வேலை முடிந்துவிடவில்லை. ஊசியைச் சரியான எண்ணில் நிறுத்துவது வேறு, கேஜ் சரியாக இருப்பது வேறு. எங்கள் தொழிலின் பாதிச் சண்டை இதில்தான்.

2018-ல் லாக்ஸ்பிசி 30-ஐ நிறுத்திவிட்டார்கள். 10-ன் பெருக்கமும் நிலையாக இல்லை. 20 தான் நம்பிக்கையோடு ஓடியது. கசிந்துகொண்டிருந்த காலத்தில் 30 எடுத்த தரவுகூட வீணாகவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு கட்டத்திலும் அது எப்படி இருந்தது என்று எழுதி வைத்திருந்தார்கள். தம்பி, உன் கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

5 அக்டோபர், சாப்பாட்டுக்குப் பிறகு

கதிர்மூலம் என்று எழுதியதும் எஸ்எக்ஸ்டி ஞாபகம் வந்தது. மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி. அதன் சிசிடி, அதாவது கதிரைப் பதிவுசெய்யும் சில்லு, சுமார் மைனஸ் 82 டிகிரியில் வேலை செய்கிறது. சிசிடியின் நான்கு மூலையிலும் இரும்பு 55 வைத்திருக்கிறார்கள். 5.9 கேஇவி-யில் (கேஇவி என்பது கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) கோடு விடும். எப்போது படம் எடுத்தாலும் மூலையில் அளவுகோல் தானாகவே விழுந்துவிடும், தனி நேரம் கேட்காது. அருமையான ஏற்பாடு.

இரும்பு 55-ன் அரை ஆயுள் சுமார் 2.7 ஆண்டு. பத்தாண்டு போனால் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பார்: தொடங்கியதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அளவுகோல் தேய்ந்துகொண்டே வருகிறது. ஆனால் கோடு மங்குமே தவிர இடம் மாறாது. கூடுதல் நேரம் சேர்த்துவைத்தால் இன்னும் படிக்கலாம். குறைந்த ஆற்றலுக்கு டைக்கோ எச்சத்தையும் நோக்குகிறார்கள், 1572-ல் வெடித்த நட்சத்திரத்தின் மிச்சம். அதில் சிலிக்கான் கோடு தெளிவாகத் தெரியும்.

வலுவான எக்ஸ் கதிர்களைப் பார்க்கும் சிஇசட்டிஐ கருவியில் வேறு உத்தி. அங்கே இருக்கும் அமெரிசியம் 241-க்கு அரை ஆயுள் 432 ஆண்டு, தேயும் கவலை இல்லை. அது சிதையும்போது 60 கேஇவி-க்குச் சற்றுக் குறைவான காமாக் கதிரோடு ஆல்ஃபா துகளும் வரும். ஆல்ஃபாவைத் தனியாகப் பிடித்து, அதே கணத்தில் விழுந்த காமாவுக்கு 'இது நம் வீட்டுக் கதிர்' என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். வானத்துக் கதிரோடு கலக்காது. அறிவியலும் காலிபரேஷனும் ஒரே நேரத்தில் நடக்கிறது.

9 அக்டோபர்

கும்மிடிப்பூண்டி வாசகர் விடுவதாக இல்லை. "சரி, நண்டு நெபுலாவே மாறினால்?"

மாறியது ஐயா. எக்ஸ் கதிர் வானியலில் நண்டு நெபுலாதான் படிக்கல். 1054-ல் வெடித்த நட்சத்திரத்தின் எச்சம். மற்ற பொருள்களின் ஒளிர்வையே 'இத்தனை மில்லிகிராப்', அதாவது நண்டின் ஒளிர்வில் ஆயிரத்தில் இத்தனை பங்கு, என்று சொல்லுமளவுக்கு அதை நம்பினார்கள். 2008-க்கும் 2010-க்கும் இடையில் அது சுமார் 7 விழுக்காடு மங்கியது.

இதை ஒரு கருவி மட்டும் கண்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? நம் டிடெக்டர்தான் சோர்ந்துவிட்டது என்று ஒரு திருத்த எண்ணைப் பெருக்கி, நண்டை மறுபடி பழைய உயரத்துக்குத் தூக்கியிருப்பார்கள். உண்மை அதோடு புதைந்திருக்கும். அப்படி நடக்காததற்குக் காரணம், ஃபெர்மி, ஸ்விஃப்ட், ஆர்எக்ஸ்டிஇ, இன்டெக்ரல் என்று வெவ்வேறு விதமாகச் செய்த கருவிகள் ஒரே சரிவைக் காட்டியது. 2011-ல் கட்டுரை வந்தது. ஒவ்வொன்றும் தன் தன் காலிபரேஷனைத் தனியாகப் பார்த்துவந்ததால்தான் அந்த ஒற்றுமைக்கு மதிப்பு. எல்லாமே நண்டை மட்டும் பார்த்துத் தங்களைத் திருத்திக்கொண்டிருந்தால் நான்கும் சேர்ந்து ஏமாந்திருக்கும்.

2-ம் தேதி எழுதிய ஹப்பிள் கதையை இதோடு சேர்த்துப் படியுங்கள். அங்கே இரண்டு சாட்சி சொன்னதைக் கேட்கவில்லை, இங்கே நான்கு சாட்சி சொன்னதைக் கேட்டார்கள்.

14 அக்டோபர்

ஒரு நாளில் என்னதான் நடக்கிறது என்று தம்பி கேட்டிருந்தார். ராக்கெட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், அது நம் ஊர்க் கதை.

ஷார், நம் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம், இருப்பது 13.7 பாகை வடக்கில். அங்கிருந்து நேராகக் கிழக்கே விட்டால் பாதையின் சாய்வும் 13.7 பாகைதான் வரும், அதைவிடக் குறைக்க முடியாது. அஸ்ட்ரோசாட்டுக்கு வேண்டியது 6. ஆக, பிஎஸ்எல்வி சி30 போகும் வழியிலேயே தன் பாதையின் தளத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. அதற்கு எரிபொருள் செலவு. 1,515 கிலோ எடையைத் தூக்கிக்கொண்டு அந்தச் செலவை ஏன் ஏற்றார்கள்? பிரேசில் பக்கம் தெற்கு அட்லான்டிக்கில் பூமியின் காந்தப்புலம் பலவீனமாக இருக்கிறது, கதிர்வீச்சுப் பட்டை அங்கே தாழ இறங்கி நிற்கும். அதற்குள் போனால் டிடெக்டரில் துகள் மழை. சாய்வைக் குறைத்தால் அந்தப் பகுதியின் வடக்கு ஓரத்தை மட்டும் தொட்டுவிட்டு வந்துவிடலாம். தொடும் நேரத்தில் உயர் மின்னழுத்தத்தை இறக்கிவிடுவார்கள்.

ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நாளைக்கு 14 சுற்றுக்கு மேல். யூவிட் பூமியின் நிழலுக்குள் இருக்கும்போது மட்டுமே கண் திறக்கும், சுற்றுக்கு அரை மணி நேரம் கிடைத்தால் பெரிது. அதிலும் கலம் சிறிது சிறிதாக அசையும். அதனால் 38 சென்டிமீட்டர்க் கண்ணாடி கொண்ட இரட்டைத் தொலைநோக்கியில், புற ஊதா படம் எடுக்கும்போதே கண்ணுறு ஒளிப் பிரிவு நட்சத்திரங்களைத் தொடர்ந்து பார்த்து அசைவைக் குறித்துக்கொண்டே வரும். புற ஊதாவில் முழுப் படமாக எதுவும் வருவதில்லை. நொடிக்கு 29 சட்டம் (ஃபிரேம்), எந்த ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், எங்கே எப்போது விழுந்தது என்ற பட்டியல். அசைவைக் கழித்து, பட்டியலிலிருந்து தரையில்தான் படம் கட்டுகிறார்கள். ஒன்றரை விநாடிக் கோணத்துக்கும் குறைவான கூர்மை அப்படித்தான் கிடைக்கிறது.

தரவு பெங்களூரு பக்கத்துப் பியாலாலுவில் இறங்கும். பாதை தாழ்ந்த அட்சரேகையிலேயே சுற்றுவதால் பெரும்பாலான சுற்றுகளில் அந்த ஆண்டெனாவுக்குக் கலம் தென்படும்.

அந்தப் பட்டியலைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பதில்தான் என் முதல் நாள் பேச்சின் உயிர் இருக்கிறது. ஐந்து வருஷம் கழித்து மேலான திருத்த அட்டவணை வந்தால், பழைய பட்டியலை எடுத்து மறுபடி கட்டலாம். 2018 மார்ச்சில் யூவிட்டின் அண்மைப் புற ஊதாப் பிரிவு நின்றுபோனது. நின்றபின் புதிதாக ஒரு ஃபோட்டானும் இல்லை. அதற்கு முன் அது எடுத்ததையெல்லாம் இன்றும் மெருகேற்றலாம்.

20 அக்டோபர், தீபாவளி

வீட்டில் விருந்தாட்கள், சுருக்கமாக.

வெற்று வானம் பற்றி யாரும் கேட்கவே இல்லையே என்று இருந்தது. அதுவும் வேண்டும். கடையில் எண்ணெய் ஊற்றுமுன் காலி கேனை நிறுத்துக் கழிப்பார்களே, அந்தக் கழிவுதான் அது. லாக்ஸ்பிசி போன்ற கருவியில் விழும் எண்ணிக்கையில் பெரும்பங்கு துகள்களிலிருந்தும் பின்னணியிலிருந்தும் வருவது. ஒன்றுமில்லாத திசையை நோக்கி அதை அளந்து கழிக்காவிட்டால், மங்கலான பொருளைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது.

ஹப்பிளின் கேமராவில் மூடியைத் திறக்காமலே இருட்டைப் படம் எடுக்கிறார்கள், தினமும். சிசிடியில் சில புள்ளிகள் கதிர்வீச்சால் சூடாகி, இருட்டிலும் ஒளிர்கிற மாதிரி காட்டும். மாதம் ஒருமுறை மைனஸ் 83 டிகிரியிலிருந்து பிளஸ் 20 வரை சூடேற்றி மறுபடி குளிர்விப்பார்கள். சூடான புள்ளிகளில் பெரும்பகுதி ஆறிவிடும். ஆறாததைக் குறித்து வைப்பார்கள்.

ஜேம்ஸ் வெப்பில் ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒருமுறை 18 கண்ணாடித் துண்டுகளும் ஒழுங்காக நிற்கின்றனவா என்று பார்க்கிறார்கள். பார்ப்பது அடிக்கடி, திருத்துவது தேவைப்பட்டால் மட்டும். 2022 மே மாதம் ஒரு நுண்கல் சி3 என்ற துண்டில் மோதியது பதிவாகியிருப்பது இந்தச் சோதனையால்தான். பார்ப்பதையும் திருத்துவதையும் பிரித்து வைத்திருக்கும் அந்த ஒழுங்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

2 நவம்பர், இரவு

மாலை 5:26-க்கு எல்விஎம்3 எம்5 ராக்கெட் போனது. தூக்கிப்போனது சிஎம்எஸ் 03 செயற்கைக்கோள், 4,410 கிலோ. எங்கள் ஊரில் ராக்கெட் என்றால் மாடிக்கு ஏறிவிடுவது வழக்கம். நெருப்பு தெரிந்து ஒரு நிமிஷத்துக்கு மேல் கழித்துத்தான் சத்தம் வந்து சேரும். பழவேற்காட்டுப் பக்கம் மீனவர்களை இன்று கடலுக்கு விடமாட்டார்கள். அந்தக் கூலி நஷ்டத்தையும் சேர்த்துத்தான் ஒவ்வொரு ஏவுதலும் மேலே போகிறது என்பதை இந்தக் கரையில் இருக்கும் நாம் மறக்கக் கூடாது.

பக்கத்து வீட்டுப் பெண், பத்தாவது படிக்கிறாள், "மாமா, இதிலே டெலஸ்கோப் இருக்கா?" என்று கேட்டாள். இது தகவல் தொடர்புக்கு என்றேன். பிறகு அஸ்ட்ரோசாட் கதைக்குப் போய்விட்டோம். அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

என்ஜிசி 188 வயதான கூட்டம். அதிலிருந்த சூடான நீல நட்சத்திரங்கள் எப்போதோ எரிந்து முடிந்திருக்க வேண்டும். ஆனாலும் சில நீலமாகவே நிற்கின்றன. ப்ளூ ஸ்ட்ராக்லர் என்று பெயர். பக்கத்து நட்சத்திரத்திடமிருந்து பொருளை வாங்கி இளமை கூட்டிக்கொண்டவை என்று ஒரு விளக்கம் உண்டு. யூவிட் தொடக்க காலத்தில் எடுத்த என்ஜிசி 188 தரவை வைத்து, அன்னபூரணி சுப்பிரமணியமும் உடன் ஆய்வாளர்களும் 2016-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டபிள்யூஓசிஎஸ் 5885 என்ற ப்ளூ ஸ்ட்ராக்லருக்குப் பக்கத்தில் சுமார் 17,000 கெல்வின் வெப்பமுள்ள துணை ஒளிந்திருக்கிறது. சாதாரண ஒளியில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும், புற ஊதாவில் துணை தன்னைக் காட்டிக்கொடுத்தது. பொருளைக் கொடுத்தவர் யார் என்று ஆளைப் பிடித்த மாதிரி.

அன்னபூரணி சுப்பிரமணியம் பிறகு பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இயக்குநர் ஆனார். பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் படித்தவர். அதுவும் நம்மைப் போல எல்லைச் சீமைதான், அந்தப் பக்கத்து எல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இதை அழுத்திச் சொன்னேன்.

3 நவம்பர், காலை

நேற்று எழுதியதைப் படித்தபோது ஒரு தயக்கம். காலிபரேஷன் நேரத்தில் ஒரு கண்டுபிடிப்பு கிடைத்தது, ஆகவே அந்த நேரம் வீணில்லை என்று நான் வாதாடுகிற மாதிரி தொனிக்கிறது. என் வாதம் அது இல்லை. என்ஜிசி 188-ல் எதுவுமே கிடைக்காமல் போயிருந்தாலும் அந்த மணிநேரங்கள் வேண்டும். அந்தத் துணைக்கு 17,000 கெல்வின் என்று எண் சொல்ல முடிந்ததே, யூவிட்டின் ஒவ்வொரு ஒளி வடிகட்டியின் (ஃபில்டர்) உணர்திறனையும் எச்இசட் 4-ல் முன்பே அளந்து வைத்திருந்ததால்தான். அது இல்லாவிட்டால் "நீலமாக ஏதோ தெரிகிறது" என்பதோடு நின்றிருக்கும். படத்தை அழகு பார்க்க யாராலும் முடியும். எண் சொன்னால்தான் அடுத்தவர் வந்து சரிபார்க்க முடியும், மறுக்க முடியும்.

9 நவம்பர்

தம்பி இஸ்ரோவின் தரவு மையமான ஐஎஸ்எஸ்டிசி தளத்தில் பதிவு செய்து என்ஜிசி 188 கோப்புகளை இறக்கிவிட்டாராம். மிகுந்த சந்தோஷம். அஸ்ட்ரோசாட் தரவகம் 2018 செப்டம்பரிலிருந்து எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. சூலூர்பேட்டையில் ஒரு லேப்டாப்பும் பொறுமையும் இருந்தால் போதும்.

லெவல் 1 என்ற கச்சாத் தரவை இப்போது தொடாதே, அதைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். திருத்தம் போட்டுக் கட்டிய லெவல் 2 கோப்பில் ஆரம்பி. எந்தத் திருத்த அட்டவணைப் பதிப்பில் கட்டியது என்று முதலில் பார்த்து நோட்டில் எழுது. இரண்டு தேதிப் படங்கள் இரண்டு பதிப்பில் இருந்தால் அவற்றை ஒப்பிடாதே.

தூரத் தேதிகளாகப் பார்த்துச் சில படங்களை எடு. எல்லாம் ஒரே ஃபில்டரில் இருக்கட்டும். கூட்டத்தில் தனியாக நிற்கும் நட்சத்திரங்கள் எட்டுப் பத்து பொறுக்கு. நெருக்கமாக இருப்பதும் ஓரத்தில் இருப்பதும் வேண்டாம். ரொம்பப் பிரகாசமானதும் வேண்டாம், ஒரே சட்டத்தில் ஒரே இடத்தில் இரண்டு ஃபோட்டான் விழுந்தால் கருவி ஒன்றாகத்தான் எண்ணும், அதற்குத் தனித் திருத்தம் போட வேண்டிவரும். எல்லாப் படத்திலும் ஒரே அளவு வட்டம் போட்டு எண்ணு. பின்னணியைக் கழி. தேதிக்கு எதிராக வரை.

கோடுகள் எல்லாம் படுத்தபடி கிடந்தால் அதுதான் நல்ல விடை, ஏமாற்றம் வேண்டாம். எல்லாம் சேர்ந்து ஒரே அளவு இறங்கினால் ஃபில்டரையும் பதிப்பையும் இன்னொரு தடவை பார்த்துவிட்டு உடனே எனக்கு எழுது. ஒன்று மட்டும் தனியாக ஏறி இறங்கினால் அதன் ஆயங்களைக் குறித்து வை. வரும் ஞாயிறு தடாவில் எனக்கு ஷிஃப்ட் இல்லை, உட்கார்ந்து பார்ப்போம்.